சுத்த ரத்தமும் கேளாத காதும்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் தருகிறேன். அப்பா காலத்திலிருந்து வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார்கள். ‘வெளி ரத்தம் ஒரு சொட்டுகூடச் சேர்த்ததில்லை’ என்பதில் அவருக்குப் பெருமை. இப்போதுள்ள பெட்டைக்கு மூன்றரை வயது. அதே தாய் தகப்பனுக்கு முந்தைய ஈத்தில் பிறந்த கடுவனோடுதான் அதை இரண்டு முறையும் சேர்த்திருக்கிறார். முதல் ஈத்தில் ஐந்து குட்டி. இரண்டு முதல் வாரத்திலேயே செத்துவிட்டன. இரண்டாம் ஈத்தில் ஏழு. ஒன்றுக்கு இடது காதில் செம்மண் நிறத் திட்டு விழுந்திருந்ததால் அதை ஆடு மேய்ப்பவர் ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். மிச்சம் ஆறு வெள்ளைக் குட்டிகளில் நான்கை 45-ஆம் நாள் விற்றார். இரண்டு வீட்டில் நிற்கின்றன.

தீபாவளி முடிந்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன். வாங்கிப்போன குட்டி கூப்பிட்டால் திரும்புவதில்லை, அங்குள்ள டாக்டர் காது கேட்கவில்லை என்கிறார், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அதன்பிறகு கவனித்ததில் வீட்டில் நிற்கும் இரண்டில் ஒன்றுக்கும் குக்கர் விசிலடித்தால் தூக்கம் கலைவதில்லை. பட்டாசுச் சத்தத்தில் காது போயிருக்கும் என்கிறார் நம் வாசகர். ‘ஒரு மாசக் குட்டியா இருக்கும்போதே இது ஒண்ணு மட்டும் தட்டுச் சத்தத்துக்கு எழுந்து வராது’ என்கிறார் அவர் மனைவி. தாய்க்கும் தகப்பனுக்கும் காது துல்லியமாகக் கேட்கும்போது குட்டிக்கு எப்படிக் கேட்காமல் போகும், மருந்து உண்டா, பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, வீட்டிலுள்ளதை ஊசி போட்டுவிடலாமா, இதே ஜோடியை மறுபடி சேர்க்கலாமா, வெளியிலிருந்து கடுவன் கொண்டுவந்தால் வம்சம் கெட்டுவிடாதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். செத்த குட்டிகளைப் பற்றியும், சும்மா கொடுத்த குட்டியைப் பற்றியும் நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் என்னால் பாதி பதில்தான் சொல்லியிருக்க முடியும். முதலில் பட்டாசு விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அவர் ஒரு மாதத்தில் கவனித்ததற்கும் தீபாவளிக்கும் நடுவில் பல வாரம் இருக்கிறது. காதுக்கு மிக அருகில் வெடித்தால் செவி பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்று உங்கள் வீட்டிலும் இன்னொன்று கோயம்புத்தூரிலுமாக, ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டுக்கும் பட்டாசு ஒரேபோல் காதைப் பறித்தது என்றால் நம்பும்படி இல்லை. காதில் சீழ் வைப்பதாலும் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளாலும்கூடச் செவி போகலாம். அப்படி ஏதும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. இது பிறவியோடு வந்தது.

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

நாய்க்குட்டி பிறக்கும்போது காதுத்துளை மூடியிருக்கும். இரண்டு வாரம் ஆகும்போது திறக்கும். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. சத்தத்தை நரம்புக்குக் கடத்தும் மெல்லிய மயிர்ச் செல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அவை உயிரோடு இருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள திரவத்தின் உப்புச் சமன் குலையக் கூடாது. அந்தச் சமனைக் காக்கும் திசுவில் நிறமிச் செல்கள் இருந்தாக வேண்டும். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே செல்கள்தான் காதுக்குள் இந்த வேலையையும் பார்க்கின்றன.

கருவில் இந்தச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடலெங்கும் பரவுகின்றன. சில வெள்ளை நாய்களில் அவை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. அவை போய்ச் சேராத இடத்தில் முடி வெள்ளை, தோல் இளஞ்சிவப்பு. உள்காதுக்கும் போய்ச் சேரவில்லை என்றால் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கி, மூன்று நான்கு வாரத்துக்குள் மயிர்ச் செல்கள் செத்துவிடும். ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. அதனால்தான் காது திறந்த புதிதில் கொஞ்சம் கேட்பதுபோல் இருந்த குட்டிகூட ஒரு மாதத்தில் செவிடாகிவிடுகிறது.

ராஜபாளையம் நாயை ‘ஆல்பினோ’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. ஆல்பினோவில் நிறமிச் செல்கள் அதனதன் இடத்தில் இருக்கும், நிறம் மட்டும் உற்பத்தியாகாது. அதனால் ஆல்பினோ விலங்குக்கு இந்தக் காரணத்தால் காது போவதில்லை. நம் நாய்க்குக் கண் பொன்னிறமாக இருக்கிறது பாருங்கள். அது ஆல்பினோ இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தக் கோளாறு அதிகம் ஆராயப்பட்டது, வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷன் இனத்தில். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்ததில் சுமார் 8 விழுக்காட்டுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. சுமார் 22 விழுக்காட்டுக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. ஒரு காது கேளாத நாய் கூப்பிட்டால் வரும், திருடன் வந்தால் குரைக்கும், வேட்டைக்கும் போகும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறும். வளர்ப்பவருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகலாம். அதனால், ‘தாய் தகப்பன் இரண்டுக்கும் துல்லியமாகக் கேட்கும்’ என்று நீங்கள் எழுதியதை நான் ‘ஆளுக்கு ஒரு காதாவது கேட்கும்’ என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் ஜோடிக்கும் செவிட்டுக் குட்டி பிறப்பதுண்டு. இது ஒரே ஒரு மரபணுவில் ஆம், இல்லை என்று முடிகிற கணக்கல்ல. பல சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆனால் பெற்ற நாய்களில் ஒன்றுக்கு ஒரு காது போயிருந்தாலே குட்டிகளுக்கு ஆபத்து கூடுகிறது என்பது டால்மேஷன்களில் தெளிவாகத் தெரிந்த விஷயம். நீலக் கண் இருந்தாலும் ஆபத்து கூடுகிறது. அதே இனத்தில், பிறக்கும்போதே உடலில் பெரிய நிறத் திட்டோடு வரும் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. திட்டு விழுந்த குட்டியைப் பல பரம்பரையாகக் கழித்துக் கழித்து, பால் வெள்ளையை மட்டும் நிறுத்தி வந்திருக்கிறோம். 2005-இல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் நம் ராஜபாளையமும் இருந்தது. அந்த அழகை நானும் ரசிப்பவன்தான். ஆனால் அழகுக்காகக் கழித்தவற்றோடு காதைக் காக்கும் நிறமியையும் சேர்த்துக் கழித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு வளர்ப்பாளரும் யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி

கையைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கை தட்டும்போது காற்று முகத்தில் படும், நிழல் அசையும், காலடி அதிர்வு தரையில் போகும். செவிட்டுக் குட்டி இவற்றில் மகா கெட்டிக்காரன்; மற்ற குட்டிகள் எழுந்து ஓடினால் தானும் ஓடும், நாம் ஏமாந்துவிடுவோம்.

குட்டியைத் தனியாக ஓர் அறையில் சாக்கில் படுக்க விடுங்கள். நன்றாகத் தூங்கியதும், செருப்பில்லாமல் நான்கைந்து அடி தள்ளி, அதன் முதுகுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். கேட்கும் குட்டிக்கு முதலில் காதுமடல் துடிக்கும், பிறகுதான் கண் திறக்கும். அந்தத் துடிப்பைத்தான் பார்க்க வேண்டும். அசைவு இல்லையென்றால் விசில், பிறகு கரண்டியால் எவர்சில்வர் தட்டில் ஒரு தட்டு. பாத்திரம் தரையில் படாமல் கையில் பிடித்துத் தட்டுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் சில நிமிடம் இடைவெளி விடுங்கள். குட்டிகளுக்குச் சலித்துவிட்டால் காது கேட்டாலும் திரும்பாது.

இதில் இரண்டு காதும் போன குட்டி தெரியும். ஒரு காது போனது தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் செய்கிறார்களே, பெரா சோதனை, அதுதான் ஒரே வழி. காதருகிலும் உச்சந்தலையிலும் மெல்லிய ஊசி முனைகளைத் தோலடியில் வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ‘டிக் டிக்’ ஒலி கொடுத்து, மூளைத்தண்டுவரை சைகை போகிறதா என்று கணினியில் பார்ப்பார்கள். நாய்க்கு ஐந்து வாரம் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். சில நிமிடத்தில் முடியும், தேவைப்பட்டால் லேசான மயக்கம் கொடுப்பார்கள். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. பக்கத்திலுள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்; அங்கே இல்லையென்றால் எங்கே செய்கிறார்கள் என்று அவர்களே வழி சொல்வார்கள். செலவும் அலைச்சலும் உண்டு. ஆனால் கடுவனுக்கும் பெட்டைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

மருந்து கேட்டிருக்கிறீர்கள். இல்லை. காதில் எந்த எண்ணெயையும் காய்ச்சி ஊற்றாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

அண்ணன் தங்கையைச் சேர்த்தது

கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது காது அல்ல, செத்துப்போன அந்த இரண்டு குட்டிகள். ‘பால் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரத்தில் குட்டி சாவதற்குக் குளிர், தொற்று, தாய்க்குப் பால் வராதது என்று பல காரணம் உண்டு. பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நெருங்கிய ரத்தத்தில் சேர்க்கும்போது ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறைவதும், பிறந்தவை தேறாமல் போவதும் எல்லாக் கால்நடைகளிலும் பார்க்கிற ஒன்று. ஆட்டில் நீங்கள் இதை அனுபவத்திலேயே பார்த்திருப்பீர்கள். மந்தையில் கிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாத விவசாயி உங்கள் ஊரில் யாராவது உண்டா? ஆட்டுக்குத் தெரிந்த நியாயத்தை நாய்க்கு மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கணக்கு இதுதான். ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. கெட்டுப்போன பிரதி ஒன்று இருந்தால் பெரும்பாலும் நல்ல பிரதி சமாளித்துவிடும். அந்த நாய் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். கெட்ட பிரதிகள் இரண்டும் ஒரே குட்டியில் சந்திக்கும்போதுதான் நோய் வெளியே வரும். கூடப் பிறந்ததோடு சேர்த்தால், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரே பிரதி இரண்டு பக்கமும் வந்து சந்திக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. தகப்பன் மகள், தாய் மகன் சேர்க்கைக்கும் இதே 25. ஒரு பக்கம் மட்டும் ஒன்றான உடன்பிறப்புக்கு 12.5. பெரியப்பா சித்தப்பா மக்கள் முறைக்கு 6.25. இது ஒரு தலைமுறைக் கணக்கு. உங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வெளி ரத்தமே சேரவில்லை என்றால் உண்மையான எண் 25-க்கு மேலேதான் இருக்கும்.

‘இரண்டாம் ஈத்தில் மிச்சம் ஐந்து குட்டி நன்றாக இருக்கிறதே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்தில் எதற்கும் பெரா செய்யவில்லை. நன்றாக இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கெட்டது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்த ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம். இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. கூடப் பிறந்தவற்றையும், பெற்றதையும் பிறந்ததையும் சேர்ப்பதை நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளும் அனுமதிப்பதில்லை.

வெளிக் கடுவன் வந்தால் வம்சம் கெடுமா?

கெடாது. டால்மேஷன் கதை ஒன்றைச் சொல்கிறேன், இது காது சம்பந்தப்பட்டதல்ல, சிறுநீர் சம்பந்தப்பட்டது. ஒரு மரபணுக் கோளாறால் அந்த இனத்துக்கே யூரிக் அமிலம் அதிகம். கடுவன்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து அவதிப்படும். இனம் முழுக்கக் கெட்ட பிரதிதான், தேர்ந்தெடுத்துச் சேர்க்க நல்ல டால்மேஷன் என்று ஒன்று இல்லவே இல்லை. ராபர்ட் ஷெய்பிள் என்ற மரபியலாளர் 1973-இல் ஒரு டால்மேஷனை பாய்ன்டர் இன நாயோடு சேர்த்தார். ஒரே ஒரு முறை. அதன்பின் பிறந்தவற்றில் நல்ல பிரதி உள்ளதை மட்டும் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்து வந்தார். சங்கக்காரர்கள் பல ஆண்டுகள் ‘இது கலப்படம்’ என்று சண்டை போட்டார்கள். கடைசியில் 2011-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழி நாய்களைப் பதிவுக்கு ஏற்றுக்கொண்டது. அவற்றைப் பக்கத்தில் நிறுத்தினால் புள்ளியிலும் உடற்கட்டிலும் வித்தியாசம் சொல்வது கடினம்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. வேறு இனம் தேவையில்லை, வேறு வீட்டு ராஜபாளையம் போதும். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளங்கள் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஓர் இனம் பிழைத்திருப்பது ஒரு வீட்டு வாசலில் அல்ல, பல வீடுகளில் சிதறிக் கிடக்கும் வெவ்வேறு வழிகளில். நீங்கள் சுத்தம் என்று நினைத்தது உண்மையில் குறுகல்.

கடுவன் தேடும்போது, குறைந்தது நான்கு தலைமுறை உங்கள் வழியோடு கலக்காததாகப் பாருங்கள். இரண்டு காதுக்கும் பெரா செய்த தாள் இருக்க வேண்டும். நீலக் கண் வேண்டாம். குட்டியாக இருந்தபோது உடல் முழுக்க டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறி வந்து தேறியதாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்தச் சொறிக்கு ஆளாகும் உடல்வாகு வம்சத்தில் இறங்கக்கூடியது. இவ்வளவு பெரிய உடம்புள்ள நாய்க்கு இரண்டு வயதுக்குமேல் இடுப்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்ப்பதும் நல்லது. இன்னொன்று, ஊரே வரிசையில் நிற்கிற ‘சாம்பியன்’ கடுவனைத் தேடி ஓடாதீர்கள். எல்லோரும் ஒரே கடுவனிடம் போனால் பத்து வருஷத்தில் மாவட்டத்து நாயெல்லாம் பங்காளி ஆகிவிடும். பிறகு வெளி ரத்தத்துக்கு எங்கே போவது?

கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறதே என்று பலர் என்னிடம் நீட்டுவார்கள். அது இந்த நாய்க்கு யார் தாய், யார் தகப்பன் என்று சொல்லும். காது கேட்குமா, இடுப்பு சரியா என்று சொல்லாது. இரண்டும் வேறு.

உங்கள் பெட்டையைப் பொறுத்தவரை, முதலில் அதற்கும் பெரா செய்யுங்கள். ஒரு காது போயிருந்தால் கருத்தடை செய்துவிடுங்கள், கடுவனுக்கும் அதுவே. இரண்டு காதும் சரியாக இருந்தால் நான் சொன்ன மாதிரிக் கடுவனோடு ஒரே ஒரு முறை சேர்த்து, எல்லாக் குட்டியையும் சோதிக்கலாம். அதிலும் செவிடு வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டால் இன்னும் சந்தோஷம். அந்த ஆடு மேய்ப்பவர் வீட்டிலுள்ள திட்டுக் குட்டியும் 25 விழுக்காட்டுச் சேர்க்கையில் வந்ததுதான், இருந்தாலும் அதன் காதைச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. இரண்டும் கேட்டு, வளர்ந்து ஆரோக்கியமாக நின்றால், வெளி வழியோடு சேர்க்க உங்கள் வீட்டு ரத்தத்தில் அதுவே முதல் தேர்வாக இருக்கலாம்.

ஊசி போட வேண்டியதில்லை

காது கேளாமை வலியில்லாத குறை. அதற்கு அது குறை என்றே தெரியாது. சில நாடுகளில் இனச் சங்கங்கள் ஒரு காலத்தில் செவிட்டுக் குட்டியைக் கருணைக்கொலை செய்யச் சொன்னதுண்டு. இன்று அந்தக் கருத்து பலமிழந்துவிட்டது. ஊசி வேண்டாம் என்பதற்காகத் தார் ரோட்டு ஓரத்தில் விட்டுவிட்டு வருவதும் கூடாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி அப்படிக் கைவிடுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், பின்னால் வரும் லாரி ஹாரன் கேட்காத நாய் ரோட்டில் எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் உங்களிடம் நான் பூசி மெழுகப் போவதில்லை. ராஜபாளையம் பெரிய நாய், ஒரே எஜமானிடம் ஒட்டும் குணம், காவல் புத்தி. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கலாம். கைக்குழந்தையும் தவழும் பிள்ளையும் உள்ள வீட்டுக்கு இதைக் கொடுக்க மாட்டேன். நான்கு பக்கமும் மதில் உள்ள வீடு, ஒரே ஆள் பழக்குவது என்றால் நன்றாகவே வளரும். இப்போதிருந்தே கை ஜாடையில் பழக்குங்கள்: உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா, கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ். ஒவ்வொரு ஜாடைக்கும் உடனே வாயில் ஒரு துண்டுக் கறி. எழுப்பும்போது முகத்துக்கு நேரே போய் மூக்கருகில் கையை வைத்து, வாசனை பிடித்து எழ விடுங்கள். இருட்டில் டார்ச்சை இரண்டு முறை மின்னவிட்டால் ‘வா’ என்று கற்றுக்கொள்ளும். கழுத்துப் பட்டையில் ‘காது கேளாது’ என்று எழுதி உங்கள் போன் நம்பரையும் போடுங்கள். வெளியே எப்போதும் சங்கிலியில்தான். ஆறு மாதம் தாண்டியதும் கருத்தடை.

காது கேளாத நாய் வெடிச் சத்தத்துக்கு அஞ்சாது, வேட்டைக்கு நல்லது என்று யாராவது விலை பேசி வந்தால் கொடுக்காதீர்கள். அந்த நாய்க்குக் கூப்பிட்ட குரலும் கேட்காது.

பணமும் விதியும்

கோயம்புத்தூர்க்காரர் கேட்பது நியாயம். குட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தைக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் குட்டியோடு ஒட்டிவிட்டார்கள், வைத்துக்கொள்கிறோம் என்றால் விலையில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்து, கருத்தடைச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. ‘நானே அறியாமல் விற்றேன்’ என்பது உண்மைதான், ஆனால் இப்போது அறிந்துவிட்டீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்கென்று வந்தால் அலைவது நீங்கள்தான். வீட்டுக் குட்டி விற்பவர் வியாபாரி ஆவாரா என்று வக்கீல்கள் வாதாடலாம். அதற்குள் போவதற்கு முன் பேசி முடிப்பது மேல்.

விதிகளைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2017 விதிகளின்படி குட்டிகளை வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நீங்கள் 45-ஆம் நாள் விற்றது அதற்குக் குறைவு. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. 2024-இல் தமிழக அரசும் நாய் இனப்பெருக்கத்துக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. பதிவு செய்யும் வழிமுறையை உங்கள் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். எட்டு வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு கூடும் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த எட்டு வாரத்துக்குள் பெரா செய்துவிடலாம், முதல் தடுப்பூசியும் போட்டுவிடலாம். இரண்டு காதும் கேட்கிறது என்ற தாளோடு விற்கிற குட்டிக்கு விலை குறையாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மிச்சம் மூன்று பேருக்கும் நீங்களே போன் செய்யுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். சாவிக்கொத்துச் சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். குட்டிக்குக் காது நன்றாகக் கேட்டாலும் பெரா செய்யாமல் இணை சேர்க்க வேண்டாம், சோதிக்க வழியில்லையென்றால் கருத்தடை செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஈத்தில் தேறிய மூன்று குட்டிகளும் இப்போது இனப்பெருக்க வயதில் இருக்கும். அவற்றை வாங்கியவர்களின் நம்பர் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.